மருந்துக் கடையில் விற்காத வண்டு

வண்டு என்றாலே பயிரைக் கெடுக்க வந்தது என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். போன சொர்ணவாரிப் பட்டத்தில்தான் அந்த நினைப்பு மாறியது.

ஒரகடம் பக்கம் எங்கள் கழனி ஐம்பது சென்ட். ஒரு பக்கம் ஏரி வாய்க்கால், இன்னொரு பக்கம் கம்பெனி காம்பவுண்டு சுவர். நட்டு முப்பது நாள்கூட ஆகவில்லை, இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்துவிட்டது. இலைச்சுருட்டுப்புழு. அப்பா உடனே மருந்துக் கடைக்குப் போய் டப்பாவோடு வந்துவிட்டார்.

இந்தப் புழு கெட்டிக்காரப் புழு. நெல் இலையின் இரண்டு ஓரத்தையும் தன் வாயிலிருந்து வருகிற நூலால் இழுத்துத் தைத்து, குழாய் மாதிரி ஆக்கிக்கொள்ளும். உள்ளே உட்கார்ந்து பச்சையை மட்டும் சுரண்டித் தின்னும். அதுதான் அந்த வெள்ளைக் கோடு. ஒரு இலை முடிந்ததும் அடுத்த இலை, மறுபடியும் தையல். மேலே தெளிக்கிற மருந்து குழாய்க்குள் இருப்பதன் மேல் லேசில் படாது.

அப்படி மடிந்திருந்த ஒரு இலையைச் சும்மா பிரித்துப் பார்த்தேன். உள்ளே பாதிப் புழுதான் இருந்தது! மீதியை ஒரு பூச்சி கடித்துக்கொண்டிருந்தது. முதலில் எறும்பு என்றே நினைத்தேன். நீளம் முக்கால் சென்டிமீட்டர் இருக்கும். கருத்த தலை, செங்காவி உடம்பு, முதுகில் கருநீலப் பட்டை. விரலை நீட்டியதும் சரக்கென்று தூருக்குள் ஓடிவிட்டது. அப்புறம் வேளாண்மைப் புத்தகம் ஒன்றில் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்: அது தரைவண்டு. விஞ்ஞானப் பெயர் ஒபியோனியா.

மெக்கானிக்கல் படிக்கிறவன் என்பதால் எனக்கு அதன் அமைப்பின் மேல்தான் ஆசை. ஒடுக்கமான இடத்தில் வேலை செய்ய நாம் ஒர்க்ஷாப்பில் எதை எடுப்போம்? நோஸ் பிளையர்தானே! இந்த வண்டின் தலையும் கழுத்தும் அப்படித்தான், ஒல்லியாக நீண்டிருக்கும். இலைக்குழாய்க்குள் அப்படியே நுழைந்துவிடும். ஒரு வண்டு ஒரு நாளைக்கு 3 முதல் 5 புழு வரை தின்னும். அதன் குஞ்சுப்புழுவும், பளபளவென்று கருப்பாக, பயிரில் ஏறி இதே வேட்டைதான் ஆடும். புகையான் பூச்சியையும் விடாது. கூட்டுப்புழுவாக இருக்கும் நாட்களை வரப்பு மண்ணுக்குள் கழிக்கும்.

உலகத்தில் தரைவண்டுக் குடும்பத்தில் சுமார் 40,000 வகை உண்டு. தென்னையில் கருந்தலைப் புழுவைத் தின்கிற பரீனா வண்டும் இந்தக் குடும்பம்தான். நம் ஊர்ப்பக்கப் புதர்க்காடுகளில் ஓடுகிற, கருப்பு முதுகில் ஆறு வெள்ளைப் புள்ளி வைத்த பெரிய வண்டும் இதற்குச் சொந்தம்தான். அதைப் பார்த்தால் கையில் மட்டும் எடுத்துவிடாதீர்கள். பின்பக்கத்திலிருந்து பார்மிக் அமிலத்தைப் பீச்சும், கண்ணுக்கு ஆபத்து.

சரி, மருந்து விஷயத்துக்கு வருகிறேன். மருந்து அடித்தால் முதலில் சாவது குழாய்க்குள் ஒளிந்திருக்கும் புழு அல்ல, வெளியே திரிகிற வண்டும் சிலந்தியும்தான். இது தெரியாமல் அடித்து அடித்து இந்தோனேசியாவில் புகையான் தலைவிரித்தாடியது. கடைசியில் 1986-ல் அந்த நாட்டு அரசு நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது. நம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. தூர் கட்டும் பருவத்தில் நூறு இலைக்குப் பத்து இலை கெட்டால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் ஐந்து சதவீதம். கதிருக்குப் பால் பிடிப்பது அந்த இலையை நம்பித்தான், அதனால் அங்கே கண்டிப்பு அதிகம்.

நானும் தம்பியும் கழனியில் இறங்கி எண்ணினோம். நூறுக்கு ஆறுதான் வந்தது. அப்பாவிடம் சொன்னேன். "இத்தனை வருஷம் நான் என்ன மாடா மேய்ச்சேன்? நாலு எழுத்து படிச்சா எனக்கே பாடம் எடுப்பியா?" என்று கத்தினார். அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. நகையை வைத்து வாங்கிய பணம் மண்ணில் கிடக்கிறது, ஒரு பூச்சியை நம்பிச் சும்மா இரு என்றால் யார்தான் இருப்பார்கள்? அம்மா நடுவில் புகுந்து, பாதிக் கழனிக்கு மட்டும் அடிக்கச் சொன்னார். சுவர் பக்கம் மருந்து, வாய்க்கால் பக்கம் வண்டு.

பதினைந்து நாளில் வாய்க்கால் பக்கமும் புது இலை விட்டுப் பச்சை கட்டிவிட்டது. விளைச்சலைத் தனித்தனியாக அளக்கலாம் என்று நான் கனவு கண்டேன். அறுவடை மெஷின் வந்து இரண்டையும் ஒரே மூச்சில் அறுத்துக் கொட்டிவிட்டுப் போய்விட்டது! மீதி மருந்து டப்பா பரண்மேல் இருக்கிறது.

போன வாரம் வரப்புப் புல்லைக் கொளுத்தக் கிளம்பிய அப்பா, தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "டேய், உன் வண்டு இதுக்குள்ளதானே படுத்திருக்கும்னு சொன்ன?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அரிவாளை எடுத்துவரச் சொன்னார்.