வீரனுக்குக் காதல் வேண்டுமா?

அவன் ஒரு மாவீரன். ஆகாயத்தில் பறப்பான். ஓடும் ரெயிலை ஒற்றைக் கையால் நிறுத்துவான். துப்பாக்கிக் குண்டு அவன் மார்பில் பட்டால் குண்டுதான் நசுங்கும்!

ஊரில் வில்லனின் ஆட்கள் தீ வைக்கிறார்கள். ஜனங்கள் அலறுகிறார்கள். வீரன் எங்கே?

அவன் பனிமலை மேல் டூயட் பாடிக்கொண்டிருக்கிறான்!

வேதாரண்யத்தில் ஒரு குடும்பம், ஞாயிற்றுக்கிழமை இப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியது. திண்ணையில் உட்கார்ந்ததும் சண்டை மூண்டுவிட்டது.

"அந்தப் பாட்டு எதற்கு? சண்டை நடக்கும்போது நடுவில் வந்து கெடுத்துவிட்டதே!" என்றான் பன்னிரண்டு வயதுப் பையன்.

"போடா! காதல் இல்லாமல் ஒரு கதையா? வெறும் அடிதடியை இரண்டரை மணி நேரம் யார் பார்ப்பது?" என்றாள் கல்லூரியில் படிக்கும் அக்காள்.

"நீ சொல்லு அப்பாயி!" என்று பையன் பாட்டியிடம் வழக்கைக் கொண்டு போனான்.

பாட்டி வெற்றிலையை மடித்தபடியே சொன்னாள்: "உப்பு வேண்டுமா, வேண்டாமா என்றால் என்ன சொல்வது? எந்தச் சட்டியில், எவ்வளவு போடுகிறாய் என்று முதலில் சொல்லு!"

உப்பளங்கள் சூழ்ந்த ஊர் அல்லவா? பாட்டிக்கு உப்பின் அருமையும் தெரியும், அளவும் தெரியும்.

இந்தச் சண்டை வேதாரண்யத்தில் மட்டும் நடப்பதல்ல. சூப்பர் ஹீரோ படங்கள் ஓடும் ஊரில் எல்லாம் நடக்கிறது. அதிசய வீரனுக்குக் காதல் தேவையா? அவன் மனம் மாறுவதையும், வளர்வதையும் காட்ட வேண்டுமா? அல்லது அடித்து நொறுக்கினால் மட்டும் போதுமா?

முதல் அதிசய வீரன்

அமெரிக்காவில் 1938-ம் ஆண்டு ஒரு படக்கதைப் புத்தகம் வெளிவந்தது. ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு வாலிபர்கள் அதில் ஒரு வீரனை உலவவிட்டார்கள். அவன்தான் சூப்பர்மேன்.

அந்த முதல் கதையிலேயே ஒரு பெண்ணும் வந்துவிட்டாள். அவள் பெயர் லோயிஸ் லேன். பத்திரிகை நிருபர்.

சூப்பர்மேன் சாதாரண உடையில் அதே பத்திரிகையில் வேலை பார்க்கிறான். அவனை அவள் கோழை என்று ஒதுக்குகிறாள். ஆனால் பறந்து வரும் சூப்பர்மேனைப் பார்த்தால் மயங்குகிறாள். இருவரும் ஒரே ஆள் என்பது அவளுக்குத் தெரியாது!

இங்கே காதல் சும்மா வரவில்லை. மலையைப் புரட்டும் வீரனுக்கு ஒரு பெண்ணிடம் உண்மையைச் சொல்ல முடியவில்லை. அவனுக்கும் ஒரு கஷ்டம் இருக்கிறது என்று வாசகன் புரிந்துகொள்கிறான்.

1978-ல் வந்த "சூப்பர்மேன்" படத்தில் பூகம்பம் ஏற்படுகிறது. லோயிஸ் காரோடு மண்ணில் புதைந்து இறந்துவிடுகிறாள். சூப்பர்மேன் அலறுகிறான். காலத்தையே பின்னால் திருப்பி அவளை மீட்கிறான்.

குண்டு துளைக்காத மார்பு அது. ஆனால் துக்கம் துளைத்துவிட்டது! அந்த நிமிடத்தில்தான் பார்ப்பவர்களுக்கு அவன் நம் வீட்டுப் பிள்ளை போல ஆகிவிடுகிறான்.

எதுவும் செய்ய முடிந்தவனுக்கு எதுவும் ஆகாது என்றால், அவனுக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும்? வீரனுக்கு இழப்பதற்கு ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கோடிக்கரை ஓடக்காரி

இதை அறிய அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. வேதாரண்யத்துக்குத் தெற்கே, கூப்பிடு தூரத்தில் கோடிக்கரை இருக்கிறதே!

அமரர் கல்கி 1950 முதல் 1954 வரை "பொன்னியின் செல்வன்" தொடர்கதையை எழுதினார். அதில் கோடிக்கரையில் ஒரு பெண்ணைப் படைத்தார். கலங்கரை விளக்கத்தைக் காப்பவரின் மகள். பெயர் பூங்குழலி.

நள்ளிரவில் தனியாகக் கடலில் படகு விடுவாள். சதுப்பு நிலத்தில் தோன்றும் கொள்ளிவாய்ப் பேய்களைக் கண்டு மற்றவர்கள் ஓடுவார்கள். அவளோ, அவைதான் தன் காதலர்கள் என்பாள்!

கதையின் வீரன் வந்தியத்தேவன், குந்தவை கொடுத்த ஓலையோடு கோடிக்கரைக்கு வருகிறான். வாள் சுழற்றுவதில் சூரன். ஆனால் அவசரக்காரன். நினைத்ததும் பொய் சொல்வான். வலியப் போய் ஆபத்தில் மாட்டிக்கொள்வான். கடலைக் கடந்து இலங்கைக்குப் போக அவனுக்குப் பூங்குழலியின் துடுப்புத்தான் உதவுகிறது.

பூங்குழலியின் மனத்திலும் ஒரு காதல் உண்டு. அது வந்தியத்தேவன் மேல் அல்ல. சோழ இளவரசர் அருள்மொழிவர்மர் மேல். அந்தக் காதல் கைகூடவில்லை. ஆனாலும் புயலில் தத்தளித்த இளவரசரை அவள்தான் காப்பாற்றுகிறாள்.

இந்தக் காதலைக் கதையிலிருந்து பிடுங்கிவிட்டால் என்ன ஆகும்? அவள் கூலிக்குப் படகு ஓட்டும் பெண்ணாகிவிடுவாள். காதல் இருப்பதால்தான் அவள் வீசும் ஒவ்வொரு துடுப்பிலும் ஓர் ஏக்கம் தெரிகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பூங்குழலிக்குச் சொந்தமாக ஒரு தொழில் இருக்கிறது; தைரியம் இருக்கிறது; கோபம் இருக்கிறது. வீரன் வந்து காப்பாற்றட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. வீரனையே அவள்தான் காப்பாற்றுகிறாள்!

மணிரத்னம் இந்தக் கதையை 2022-லும் 2023-லும் இரண்டு பாகங்களாகப் படமாக்கினார். கார்த்தி வந்தியத்தேவனாக நடித்தார். பூங்குழலியாக ஐஸ்வர்யா லட்சுமி நடித்தார். அவர் வரும் காட்சிகள் அதிக நேரம் இல்லை. ஆனாலும் ஓடக்காரி மனத்தில் நிற்கிறாள்.

வில்லனுக்கு வந்த காதல்

கேரளத்தில் 2021-ல் "மின்னல் முரளி" என்ற மலையாளப் படம் வந்தது. டைரக்டர் பேசில் ஜோசப். தமிழிலும் குரல் கொடுத்து வெளியிட்டார்கள்.

ஒரு கிராமம். அங்கே ஜெய்சன் என்ற தையல்காரன். அவன் காதலித்த பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் பேசிவிடுகிறார்கள். ஒருநாள் அவன் மேல் மின்னல் விழுகிறது. சாவதற்குப் பதிலாக அவனுக்கு அதிசய சக்தி வந்துவிடுகிறது.

அதே இரவில் இன்னொருவன் மேலும் மின்னல் விழுகிறது! அவன் பெயர் ஷிபு. டீக்கடையில் வேலை செய்யும் ஏழை. ஊரார் அவனைப் பைத்தியம் என்று கேலி செய்வார்கள். தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம் இந்த வேடத்தில் நடித்தார்.

ஷிபு பல வருஷங்களாக உஷா என்ற பெண்ணை மனத்தில் வைத்துப் பூஜிக்கிறான். அவளும் கடைசியில் இசைகிறாள். ஆனால் ஊரார் விடவில்லை. உஷா நெருப்பில் மாண்டுபோகிறாள். ஷிபு வெறி கொண்டு ஊரையே அழிக்கக் கிளம்புகிறான்.

வழக்கமான படத்தில் காதல் கதாநாயகனுக்கு; கத்தி வில்லனுக்கு. இங்கே பெரிய காதலை வில்லனுக்குக் கொடுத்துவிட்டார்கள்! கதாநாயகனின் காதலோ ஆரம்பத்திலேயே முறிந்துவிடுகிறது. அவனுக்கு உதவி செய்யும் பெண்ணும் கராத்தே ஆசிரியை, காதலி அல்ல.

இரண்டு பேருக்கும் கிடைத்தது ஒரே மின்னல்தான். இரண்டு பேரும் காதலில் தோற்றவர்கள்தான். ஒருவன் துக்கத்தை விழுங்கிவிட்டு ஊரைக் காக்கிறான். மற்றவன் ஊரை எரிக்கிறான். சக்தி எப்படி வந்தது என்பது கதை அல்ல. வந்த சக்தியை வைத்து என்ன செய்தான் என்பதே கதை.

காதலே இல்லாமல்!

அப்படியானால் எல்லாப் படத்துக்கும் காதல் கட்டாயமா? இல்லை.

2019-ம் ஆண்டு தீபாவளிக்குக் "கைதி" வந்தது. டைரக்டர் லோகேஷ் கனகராஜ். வந்தியத்தேவனாக நடித்த அதே கார்த்திதான் கதாநாயகன். படத்தில் கதாநாயகி கிடையாது. டூயட்டும் கிடையாது.

பத்து ஆண்டுகள் சிறையில் இருந்த ஒருவன் விடுதலையாகிறான். அவனுக்கு ஒரு பெண் குழந்தை. அதன் முகத்தை அவன் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. விடிந்ததும் குழந்தையைப் பார்க்கப் போக வேண்டும். அதற்குள் ஒரே இரவில் அத்தனை ஆபத்துகள்!

கூட்டம் கூட்டமாக வரும் ரவுடிகளை அவன் ஒருவனே சமாளிக்கிறான். நடக்கக்கூடியதா? இல்லைதான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. "குழந்தையைப் பார்த்துவிடுவானா?" என்ற தவிப்புத்தான் எல்லாருக்கும் இருந்தது.

மனைவி மேல் வைத்த ஆசையாகட்டும், மகள் மேல் வைத்த பாசமாகட்டும், உண்மையான அன்பு ஒன்று இருந்தால் போதும். அது காதல்தான் என்று இருக்க வேண்டியதில்லை.

பயந்தாங்கொள்ளி வீரன்

2023-ல் மடோன் அஸ்வின் டைரக்‌ஷனில் "மாவீரன்" வந்தது. சிவகார்த்திகேயன் நடித்தார். பெயர்தான் மாவீரன், ஆள் பயந்தாங்கொள்ளி! பத்திரிகைக்குப் படக்கதை வரைகிறவன். அநியாயத்தைக் கண்டால் அனுசரித்துப் போகலாம் என்பான். அதைப் பார்த்து அவன் தாய் குமுறுகிறாள்.

குடிசைவாசிகளை ஒரு புதிய அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியேற்றுகிறார்கள். தொட்டால் உதிரும் சுவர்கள்! ஒருநாள் அவன் காதில் மட்டும் ஒரு குரல் கேட்கத் தொடங்குகிறது. "வீரன் இப்போது இதைச் செய்கிறான்" என்பது போல அது கதை சொல்கிறது. அவன் விரும்பாவிட்டாலும் சண்டையில் போய் விழுகிறான்.

படத்தில் ஒரு காதலும் உண்டு. ஆனால் படம் நிற்பது அதில் அல்ல. குரல் ஆட்டிவைத்தபடி ஆடியவன், ஜனங்களுக்காகத் தானே துணிந்து நிற்கிறானா என்பதுதான் கேள்வி. கோழை தைரியசாலி ஆவது ஒரே பாட்டில் நடந்துவிடவில்லை. படிப்படியாக நடக்கிறது. அதனால்தான் நம்ப முடிகிறது.

மனிதன் பறப்பான் என்றால் ஜனங்கள் நம்புவார்கள். ராத்திரி கோழையாகப் படுத்தவன் காலையில் காரணம் இல்லாமல் சிங்கமாக எழுந்தான் என்றால் நம்பமாட்டார்கள்!

பின்னால் திரிவது காதலா?

இதெல்லாம் பொழுதுபோக்குத்தானே, இதற்கு ஏன் இவ்வளவு விசாரணை என்று சிலர் கேட்கலாம். விஷயம் இருக்கிறது.

கதைக்குத் தேவை இல்லாமல் ஒட்டவைத்த காதலில் என்ன நடக்கிறது? கதாநாயகன் பெண்ணின் பின்னால் திரிகிறான். அவள் "வேண்டாம்" என்கிறாள். அவன் விடுவதில்லை. வழிமறிக்கிறான், கேலிப்பாட்டுப் பாடுகிறான். மூன்றாவது காட்சியில் அவள் அவனைக் காதலிக்கிறாள்! எப்படி மனம் மாறினாள் என்று காட்டுவதற்கு நேரம் இல்லை. பாட்டு மட்டும் இருக்கிறது.

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பையனும் இதைப் பார்க்கிறான். "வேண்டாம் என்றால் இன்னும் துரத்து" என்ற பாடத்தை அவன் அறியாமலே படித்துக்கொள்கிறான். வீரனையே பிள்ளைகள் பின்பற்றுவார்கள். வில்லன் செய்தால் தப்பு என்று தெரியும். வீரன் செய்தால் சரி என்று தோன்றிவிடும் அல்லவா?

அக்காளும் ஒன்றைக் கற்றுக்கொள்கிறாள். பெண் என்றால் பாட்டுக்கு ஆடுவாள்; கடைசியில் வில்லனின் கயிற்றில் கட்டுண்டு "காப்பாற்றுங்கள்" என்று கத்துவாள்; வேறு வேலை இல்லை. கோடிக்கரைப் பூங்குழலியைப் படித்த ஊரில் இப்படி ஒரு பாடமா?

காதல் வேண்டுமானால், அந்தப் பெண்ணும் ஒரு மனுஷியாக இருக்கட்டும். அவளுக்கும் ஒரு வேலை, ஒரு சுபாவம், சம்மதிக்கவும் மறுக்கவும் ஓர் உரிமை இருக்கட்டும்.

சவரக் கத்தி வீரன்

வேதாரண்யத்தில் ஒரு நினைவு ஸ்தூபி இருக்கிறது. சினிமா வீரனுக்கு அல்ல. சவரத் தொழிலாளி வைரப்பனுக்கு.

1930-ம் ஆண்டு. ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடந்தே வேதாரண்யம் வந்து உப்பு அள்ளினார்கள். போலீசார் அடித்தார்கள், சிறையில் தள்ளினார்கள். அந்தப் போலீசாருக்கு எந்த வேலையும் செய்வதில்லை என்று ஊர்த் தொழிலாளர்கள் முடிவு செய்தார்கள்.

ஒருநாள் வைரப்பன் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முடிந்தபோது அவர் ஒரு போலீஸ்காரர் என்று தெரிந்தது. கத்தியை மடித்து வைத்துவிட்டார்! வழக்கு மாஜிஸ்திரேட்டிடம் போனது. மீதிச் சவரத்தை முடிக்கும்படி உத்தரவு. "என்னால் முடியாது. வேண்டுமானால் நீங்களே செய்துவிடுங்கள்" என்று வைரப்பன் தம் பெட்டியை முன்னால் வைத்தார் என்று ஊரில் சொல்வார்கள். பின்பு அவர் சிறைக்குப் போனார்.

அவர் பறக்கவில்லை. யாரையும் அடிக்கவில்லை. கதையில் டூயட்டும் இல்லை. ஆனாலும் கேட்பவர்களுக்கு மெய்சிலிர்க்கிறது. ஏன்? அன்றாடம் சோறு போட்டது அந்தக் கத்திதான். அதையே அவர் மடித்தார். எதை இழக்கிறோம் என்று தெரிந்தே செய்தார்.

வீரம் என்பது அதுதான். சூப்பர் ஹீரோவுக்கும் அதே சட்டம்தான்.

எவ்வளவு உப்பு?

அன்று இரவு திண்ணைச் சண்டை சாப்பாட்டு இலை வரை நீடித்தது.

"காதல் வேண்டாம் என்று சொல்லவில்லை. தீப்பிடித்து எரியும்போது வேண்டாம் என்கிறேன்" என்று பையன் கொஞ்சம் இறங்கி வந்தான்.

"பாட்டுக்காகக் காதல் வேண்டாம், கதைக்காக இருக்கட்டும்" என்று அக்காளும் இறங்கி வந்தாள்.

பாட்டி குழம்பை ஊற்றினாள். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அதற்காகப் பாயசத்தில் ஒரு பிடி உப்பை அள்ளிப் போடுகிறவளை என்ன என்பது?" என்றாள்.

பையன் குழம்பை ருசி பார்த்தான். உப்புச் சரியாக இருந்தது.