இதய அறுவைக்குப் பிந்தைய ஆழ்ந்த மார்புப் புண் தொற்று: மருத்துவ முறைகளின் வளர்ச்சி

முன்னுரை

இதயத்தை அடைய மார்பெலும்பை நெடுக்காகப் பிளக்கும் முறையை 1897-இல் மில்டன் விவரித்தார். 1957-இல் ஜூலியனும் அவர்தம் குழுவினரும் அதன் பயனை எடுத்துரைத்த பின்னர், அதுவே இதய அறுவையின் பொதுவழியாயிற்று. அறுவை முடிந்ததும் எலும்பின் இரு பாதிகளும் எஃகுக் கம்பியால் பிணைக்கப்படுகின்றன. அப்பிணைப்பின் அடியில் தொற்று ஏற்படின், அது இதயத்தைச் சூழ்ந்த பகுதிக்கும் பரவி உயிரைப் பறிக்கக்கூடும். காய்ச்சல், சீழ்வடிதல், இருமும்போது எலும்பு அசைதல் ஆகியன இதன் முதன்மை அறிகுறிகளாகும்.

மருந்து மட்டும் போதாமை

இத்தொற்றிற்குப் பெரிதும் காரணமாவன ஸ்டஃபைலோகாக்கஸ் வகைப் பாக்டீரியாக்கள். இவை கம்பியின் மேல் உயிரிப்படலமாகப் படிந்து தம்மைக் காத்துக்கொள்கின்றன. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து குருதியின் வழியே செல்வது. குருதியோட்டம் அற்ற எலும்பை அது போதிய அளவில் எட்டுவதில்லை. மாற்றுவழி அறுவைக்காக உள்மார்புத் தமனியைப் பிரித்தெடுக்கும்போது மார்பெலும்பின் குருதி வரத்து குறைகிறது. ஆகவே, இருபுறத் தமனிகளும் எடுக்கப்பட்ட நீரிழிவு நோயாளிகளுக்கு இடர் மிகுகிறது.

மருத்துவ முறைகள்

1963-இல் ஷூமேக்கரும் மாண்டல்பாமும் புண்ணைத் தூய்மைசெய்து மூடி, குழாய்களின் வழியே மருந்துநீரால் தொடர்ந்து கழுவும் முறையை வெளியிட்டனர். இது பலரைக் காத்தது. எனினும், எலும்பின் பின்னுள்ள வெற்றிடம் நிரம்பாமல் எஞ்சியது. 1976-இல் லீயும் அவர்தம் குழுவினரும் வயிற்றின் கொழுப்புத்திரையைக் கொண்டு அவ்விடத்தை நிரப்பினர். 1980-இல் ஜுர்கீவிச் குழுவினர் மார்புத் தசைகளைக் குருதிக்குழாய்களோடு திருப்பியமைக்கும் முறையை நிலைநாட்டினர்.

1990-களின் பிற்பகுதியில் எதிர்மறை அழுத்த மருத்துவம் இத்துறையில் நுழைந்தது. புண்ணில் நுரைப்பஞ்சை வைத்து மூடி, வழக்கமாக 125 மி.மீ. பாதரச அளவிற்கு உறிஞ்சும்போது கசிவு வெளியேறுகிறது, புதுத்திசு வளர்கிறது, மார்புச் சுவரும் ஓரளவு நிலைபெறுகிறது. ஆயினும், பஞ்சிற்கும் இதயத்திற்கும் இடையே காப்புப்படலம் இன்றியமையாதது. அஃதின்றேல் வலக் கீழறை கிழிந்து பெருங்குருதிப்போக்கு நேரக்கூடும்.

முடிவுரை

இம்முறைகள் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. இறந்த திசுவையும் தொற்றுற்ற கம்பியையும் அகற்றுதல், புண்ணைப் பக்குவப்படுத்துதல், குருதியோட்டமுள்ள திசுவால் வெற்றிடத்தை நிரப்புதல் என்பதே சிகிச்சையின் வரிசை. நுண்ணுயிர்க்கொல்லி இதற்குத் துணைநிற்பது; மாற்றாவதன்று. மேற்புண் ஆறியதுபோல் தோன்றினும் எலும்பு அசையுமாயின் காலந்தாழ்த்தாது ஆராய்தல் வேண்டும். தாமதிக்குந்தோறும் அழியும் எலும்பின் அளவு கூடும், மீட்பும் கடினமாகும்.