பதினைந்து பாகைக்கு ஒரு மணி

அறுபதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்து அளவெட்டியில் நாங்கள் பூகோளம் படித்தபோது வகுப்புக்கு ஒரேயொரு உலகப் படம் இருந்தது. துணியில் ஒட்டி, மேலும் கீழும் தடி வைத்த படம். வாத்தியார் அதை அவிழ்த்து ஆணியில் கொழுவும்போது, வெடிப்பு விழுந்த இடங்களில் கடல் வெளுத்துக் கிடக்கும். பூவரசந் தடியால் ஒவ்வொன்றாய்த் தொட்டுக் காட்டுவார்: கனடா, கோதுமை, ஒல்லாந்து, கடலை மறித்த அணை, அவுஸ்திரேலியா, செம்மறி. பதினைந்து பாகைக்கு ஒரு மணி என்று நேரக் கணக்கும் சொல்லித் தந்தார். எங்கள் நேரம் 82½ பாகை கிழக்கு நெடுங்கோட்டின் நேரம்; ரொறன்ரோவின் நேரம் 75 பாகை மேற்கினது. இரண்டையும் கூட்டினால் 157½. பதினைந்தால் பிரித்தால் பத்தரை மணி. விடை சரி என்ற மகிழ்ச்சியில் கொப்பியை மூடினோம். ரொறன்ரோவில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது.

இன்று என் பேத்திக்கு அந்தக் கணக்கே வேண்டியதில்லை. "இப்ப சித்தி படுத்திருப்பா, எழுப்பக் கூடாது" என்கிறாள். பனிக்காலத்தில் பத்தரை மணி வித்தியாசம், கோடையில் ஒன்பதரை என்பது அவளுக்கு மனப்பாடம். சூரிச், லண்டன், பாரிஸ் எல்லாம் அவளுக்குப் பெரியப்பா, மாமி, மச்சாள் இருக்கிற இடங்கள். ஒரு மணி ஏன் குறைகிறது என்று கேட்டேன். "அங்க மணிக்கூட்டை மாத்திறவை" என்றாள். நெடுங்கோடு பற்றி அவளுடைய புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் சித்தியின் நித்திரைக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள தொடர்பை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எங்களுக்குக் கோடு தெரிந்தது, ஆட்களைத் தெரியவில்லை. அவளுக்கு ஆட்களைத் தெரிகிறது, கோடு தெரியவில்லை.

உலகம் அன்று அவ்வளவு தூரத்தில் இருந்தது. ஆனால் நாட்டின் மற்றவர்கள் அவ்வளவு தூரத்தில் இல்லை. ஊர்த் தோட்டத்துப் புகையிலை சுருட்டாகித் தெற்கின் சிறு நகரங்களுக்குப் போயிற்று. கூடவே ஆட்களும் போனார்கள். என் மாமாவுக்குக் குருநாகலில் சுருட்டுக்கடை. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி ரயிலில் சித்திரை வருசத்துக்கு அவர் வந்தால், கடைக்குப் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா சுட்டுக் கொடுத்த கொக்கிஸ் பலகாரம் பையில் இருக்கும். திரும்பும்போது எங்கள் அம்மா பனங்கட்டிக் குட்டான் கட்டிக் கொடுப்பா. யாழ்ப்பாண ரவுணில் பாண் போட்டவர்களில் பலர் சிங்களவர். பழைய இரும்பு வாங்கச் சைக்கிளில் வரும் முஸ்லிம் வியாபாரியை 'நானா' என்று கூப்பிட்டோம்.

இவர்களில் ஒருவரும் எங்கள் பாடத்தில் இல்லை. 1920களில் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் தமிழ்ப் பிள்ளை சிங்களமும் சிங்களப் பிள்ளை தமிழும் படிக்க வேண்டுமென்று கேட்டிருந்தது. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு அந்த மொழியைப் படிப்பது தோற்றுப் போவதாகவே எங்கள் வீடுகளில் பட்டது. அந்தக் காலத்தை முழுக்கப் பொன்னாக்கவும் முடியாது. உலகப் படம் பார்த்து வளர்ந்த எங்கள் சுற்றாடலிலேயே, சாதித் தடையை மீறி மாவிட்டபுரம் கோயிலுக்குள் போக 1968இல் தமிழரே தமிழரோடு போராட வேண்டியிருந்தது. ஒல்லாந்தின் அணையை அறிந்த நாங்கள் அடுத்த ஒழுங்கையை அறியவில்லை.

பிறகு யுத்தம். 1990இல் ரயில் நின்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சிங்களப் பேக்கரிகள் அதற்கு முன்பே மூடிவிட்டன. 1995 ஒக்டோபர் 30 இரவு எங்கள் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தது. தட்சிணாமூர்த்தியின் தவிலாலும் பத்மநாதனின் நாதஸ்வரத்தாலும் பேர் பெற்ற இந்த ஊரில், கும்பிழாவளைப் பிள்ளையார் கோயிலின் மணிச் சத்தம் கேட்க ஆளில்லாத நாட்களும் இருந்தன. அந்த ஆண்டுகளில் போனவர்கள்தான் இன்று போனில் வருகிறார்கள்.

இப்போது பேத்தியின் பள்ளிப் பையில் எங்களுக்குக் கிடைக்காதவை பல இருக்கின்றன. பாடப்புத்தகம் 1980 முதல் இலவசம். அண்ணனின் கிழிந்த புத்தகத்துக்கு அவள் காத்திருப்பதில்லை. இரண்டாம் மொழிச் சிங்களம் ஒரு பாடம். குடியியல் பல இனம், பல சமயம் என்று பேசுகிறது. சமூக ஒருமைப்பாட்டுக்கும் சமாதானத்துக்குமான கல்விக் கொள்கையொன்றைக் கல்வி அமைச்சு 2008இல் வெளியிட்டது. எங்கள் வாத்தியார் இவற்றைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் அன்று வாழ்வில் இருந்தவர்கள் பாடத்தில் இல்லை. இன்று பாடத்தில் இருப்பவர்கள் வாழ்வில் இல்லை.

ரயில் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015இல் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்தது. தெற்கிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக நயினாதீவு பார்க்க வருகிறார்கள். கண்ணாடிக்கு உள்ளே அவர்கள், தெருவோரத்தில் எங்கள் பிள்ளைகள். சில வேளை கை காட்டுவார்கள். அந்த பஸ் ஒரு வகுப்பறை வாசலில் அரை மணி நேரம் நின்றால் போதும். குருநாகல் பிள்ளை கொக்கிஸ் எப்படிச் சுடுவது என்று சொல்லட்டும், எங்கள் பிள்ளை குட்டான் எப்படி இழைப்பது என்று காட்டட்டும். எந்தப் பாடத்திட்டமும் அதைவிட நன்றாகச் சொல்லித் தராது.

போன கிழமை பேத்தி வீட்டுவேலை செய்துகொண்டிருந்தாள். வட்ட வட்டமான சிங்கள எழுத்தில் ஒரு வரி. என்ன என்று கேட்டேன். "ஒயாகே நம மொகக்த? உங்கட பேர் என்ன எண்டு அர்த்தம்" என்றாள். யாரிடமாவது கேட்டிருக்கிறாயா என்றேன். இல்லையென்று தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். அது அந்தக் கேள்விக்கான பதில். அதையும் அவளே எழுதினாள்.