குளிருக்கு இல்ல, கோடை மழைக்கு வர்ற வண்டு

குளிர் நாடுகள்ல பனிக்காலம் தொடங்கினா எலியும் பூச்சியும் வீட்டுக்குள்ள புகுந்துடும். எங்க களியக்காவிளையில குளிர் ஏது? இங்க கணக்கு கோடை மழைதான்.

முதல் மழை பெய்ஞ்ச அன்னிக்கு, விளக்கு வைக்கிற நேரத்துல கறுப்பு வண்டுங்க கூட்டமா வரும். கேரளத்துல முப்ளி வண்டுன்னு சொல்லுவாங்க; அறிவியல் பேர் லுப்ராப்ஸ் டிரிஸ்டிஸ். ரப்பர் மரம் டிசம்பர், ஜனவரியில இலை உதிர்க்கும். அந்த இலையைத் தின்னு பெருகுற வண்டு, மழை வந்ததும் வெளிச்சத்தைத் தேடி வந்து ஓட்டு இடுக்குல மாசக்கணக்கா அசையாம கிடக்கும். ஒரே வீட்டுல 5 லட்சத்துல இருந்து 40 லட்சம் வரைக்கும் இருக்கும்னு கேரள ஆய்வாளர்கள் எழுதியிருக்காங்க.

இது கடிக்காது. சீண்டினாலோ நசுங்கினாலோ வடியுற திரவம்தான் தோலைப் பொசுக்கும். சின்ன வயசுல தூக்கத்துல ஒண்ணைக் கழுத்தோட தேய்ச்சுட்டேன். ஒரு வாரம் சட்டைக் காலர் பட்டாலே எரிஞ்சுது. அம்மா கோபத்துல மருந்தடிச்சாங்க. செத்த வண்டெல்லாம் மருந்தோட சோத்துப் பானையில விழுந்துச்சு. அன்னிக்கு வீட்ல எல்லாரும் பட்டினி.

அதனால லீவுக்கு ஊருக்குப் போறவங்க கவனிங்க. முதல் மழை ராத்திரி வீட்டு லைட்டை அணைச்சுட்டு, முற்றத்துல தள்ளி ஒரு பல்பைப் போடுங்க. பிள்ளைங்க படுக்கைக்கு வலை கட்டுங்க. மேல விழுந்தா அடிக்காதீங்க, தட்டி விடுங்க. பட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்க.