எபிசோட் 47: பேண்ட் கேம்ப்பில் காதை ஏன் நம்பக் கூடாது?

போன எபிசோடில், கூகுள் மீட்டில் பத்து பேர் சேர்ந்து பர்த்டே பாட்டு பாடினால் ஏன் சந்தைக்கடை மாதிரி ஆகிறது என்று பேசினோம். அதைக் கேட்ட ஒரு நேயர் எழுதியிருந்தார்: "ப்ரோ, அது நெட்வொர்க் பிரச்சினை. ஒரே இடத்துல நின்னு வாசிச்சா இந்தத் தொல்லையே கிடையாதே?"

இருக்குங்க. ஒரு மைதானம் போதும். அமெரிக்காவில் கோடை விடுமுறை முடியும் நேரத்தில் பள்ளிகளில் மார்ச்சிங் பேண்ட் கேம்ப் நடக்கும். அங்கே பிள்ளைகள் முக்கியமாக மல்லுக்கட்டுவது இந்த லேட்டன்சியோடுதான்.

ஆன்சைட் வேலையாக டல்லாஸ் பக்கம் இருந்தபோது அப்படி ஒரு கேம்ப்பை ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு சேரப் போகிறாள், கிளாரினெட் வாசிப்பாள். எனக்கு வாலண்டியர் வேலை, அதாவது தண்ணீர் கேன் தூக்குவது. டெக்சாஸ் ஆகஸ்ட் வெயில் வேலூர் மே மாத வெயிலுக்குச் சளைத்ததில்லை. அதனால் காலையும் மாலையும் மைதானம், உச்சி வேளையில் ஏசி ரூமில் அந்தந்த வாத்தியக் குழு தனித்தனியாக.

காலை ஏழு மணிக்குப் போனால் யார் கையிலும் வாத்தியமே இல்லை. வெறும் நடைதான். அமெரிக்க ஃபுட்பால் மைதானம் 100 யார்ட் நீளம், 5 யார்டுக்கு ஒரு கோடு. ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குச் சரியாக 8 அடி வைக்க வேண்டும், ஆக ஒரு அடி 22.5 அங்குலம். குட்டைப் பெண்ணுக்கும் நெட்டைப் பையனுக்கும் ஒரே கணக்கு. குதிகாலை முதலில் ஊன்றிப் பாதத்தை உருட்டி நடக்கணும். சாதாரணமாக நடந்தால் உடம்பு குலுங்கும், வாயில் இருக்கும் டிரம்பெட்டும் குலுங்கும், சத்தமும் நடுங்கும். அசையாமல் நிற்கும்போது முட்டியை இறுக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வெயிலில் அப்படி நின்றால் மயங்கி விழ வாய்ப்பு அதிகம்.

ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு குட்டி நோட்டு தொங்கும். எத்தனையாவது கோட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி, முன்னால் எத்தனை அடி, பின்னால் எத்தனை அடி என்று குறித்திருக்கும். சாட்சாத் எக்ஸ், ஒய் கோஆர்டினேட்தான். ஒருத்தர் வரவில்லை என்றால் மேலேயிருந்து பார்க்கும்போது பல் விழுந்த மாதிரி அந்த இடம் மட்டும் ஓட்டையாகத் தெரியும்.

ஒன்பதரைக்கு வாத்தியத்தை எடுத்தார்கள், சிக்கலும் ஆரம்பித்தது. அவள் நின்றது இடது ஓரம். டிரம்ஸ் வலது ஓரத்தில், நடுவில் 60 யார்ட், சுமார் 55 மீட்டர். அவளுடைய குழுவின் லீடர், ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பெண், நாலு தடவை நிறுத்தி "நீ லேட்" என்றாள். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள் இவள். "நான் டிரம்ஸோட கரெக்டாதான் வாசிக்கிறேன் மாமா. அம்மாகிட்ட சொல்லி என்னை பேண்ட்ல இருந்து எடுத்துடச் சொல்லுங்க."

அவள் சொன்னது பொய்யில்லை. ஆறு வருஷமாக வாரா வாரம் கர்நாடக சங்கீத கிளாஸ் போகிறவள். மிருதங்கத்தைக் காதில் வாங்கி அதோடு ஒட்டிப் பாடுவதுதான் அவளுக்குத் தெரிந்த தாளம். ஒரே மேடையில், கைக்கெட்டும் தூரத்தில் மிருதங்கம் இருக்கும்போது அது மிகச் சரி.

இங்கே கணக்குப் போட்டுப் பாருங்க. அந்த வெயிலில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். 55 மீட்டரைக் கடக்க 0.16 வினாடி. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 160 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 0.375 வினாடிதான். டிரம்ஸ் சத்தம் அவள் காதுக்கு வரும்போதே தட்டில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ஓடிப்போயிருக்கும். அதோடு 'கரெக்டாக' வாசித்தால், நடு கேலரியில் இருப்பவருக்கு அவள் அவ்வளவு பின்தங்கித்தான் கேட்கும். அந்தப் பக்கமும் இவளைக் கேட்டு வாசித்தால் இன்னும் மோசம். இவள் அவர்களுக்காகக் காத்திருப்பாள், அவர்கள் இவளுக்காகக் காத்திருப்பார்கள், பாட்டு இழுத்துக்கொண்டே போகும்.

தீர்வு, ஒளி. முன்னால் மேடையில் நிற்கும் டிரம் மேஜர் கையசைப்பது எல்லோர் கண்ணுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். அந்த டிரம் மேஜரும் சத்தத்தைக் கேட்டுத் தாளம் பிடிப்பதில்லை, டிரம்ஸ்காரர்களின் காலடியைப் பார்த்துப் பிடிக்கிறார். எனக்கு ரொம்பப் பிடித்த டிசைன் இது. டைம் சிக்னலுக்குத் தனி சேனல்!

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. டிரம்ஸ் உங்களுக்கு நேர் பின்னால் இருந்தால் காதை நம்பலாம். அந்தச் சத்தம் உங்களைத் தாண்டித்தான் கேலரிக்குப் போகிறது. அது உங்களைத் தொடும்போது வாசித்தால் இரண்டும் சேர்ந்தே போய்ச் சேரும். அதனால்தான் மைதானத்தின் முன் ஓரத்தில் மரிம்பா வாசிக்கிறவர்களிடம் "கையைப் பார்க்காதே, பின்னால் கேள்" என்று நேர் எதிராகச் சொல்கிறார்கள். பயிற்சியில் மெட்ரோனோம் ஸ்பீக்கரை பேண்டுக்குப் பின்னால் வைப்பதும் இதற்காகவே. பிள்ளைகள் நகர்ந்துகொண்டே இருப்பதால் யாரை நம்புவது என்பது பாட்டுக்கு நடுவிலேயே மாறும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை.

மாலை ஆறு மணிக்குப் பயிற்சியாளர் ஒரு வேலை செய்தார். இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் பேரை நிற்க வைத்து, ஒரு பக்கத்துக் கைதட்டலைக் கேட்டு மறுபக்கம் தட்டச் சொன்னார். மற்றவர்கள் நடு கேலரியில். என் பக்கத்தில் இவள். 'டப்... டப்' என்று இரண்டு சத்தம். பிறகு எல்லோரும் டிரம் மேஜர் கையை மட்டும் பார்த்துத் தட்டினார்கள். ஒரே 'டப்'. இவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் கீழே போய் வாசித்தாள். லீடர் அந்தப் பக்கமே வரவில்லை. காரில் ஏறியதும், "டிரம்ஸ் கடைசி வரைக்கும் தப்பாவே கேட்டுது மாமா, ஒரே எரிச்சல். நான் பாட்டுக்கு வாசிச்சேன்" என்றாள். நாளைக்கும் ஏழு மணிக்கா என்று கேட்டேன். ஆறே முக்காலுக்கே போகணுமாம்.

அடுத்த எபிசோடில் என்டிபி. தூரத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் மணி கேட்டுக்கொள்ளும் கதை. அங்கே பார்க்க டிரம் மேஜர் கிடையாது, சிக்னல் வந்து சேரும் நேரத்தைக் கழித்துத்தான் ஆக வேண்டும். பார்க்கலாம்.