பூரணமாய் அமைந்த பாலாடைக்கட்டி

கொழுக்கட்டை செய்யும் தாய்மார் அனைவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. மாவின் வாய் சரிவர மூடப்படாவிடில் பூரணம் வெளியேறிவிடும். இதே நுட்பத்தை இறைச்சியில் கையாண்டு அமெரிக்க மக்கள் சமைக்கும் உணவொன்றைப் பற்றி இம்மாதம் சிறிது சிந்திப்போம். கொத்துக்கறியை வட்டமாகத் தட்டி வாட்டி, பன் ரொட்டியின் நடுவே வைத்து உண்பதே பர்கர் என்பதை இன்று நம் பிள்ளைகளும் அறிவர். பாலாடைக்கட்டியை அதன் மேல் வைப்பதே பொது வழக்கம். அதனை உள்ளேயே பொதிந்து சமைப்பது மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸ் நகரின் தனிச்சிறப்பாகும்.

'ஜூசி லூசி' என்பது அதன் பெயர். 'சாறு ததும்பும் லூசி' என்று பொருள்படும். இதனை முதலில் செய்தவர் யார் என்பதில் அந்நகரின் சீடர் அவென்யூவிலுள்ள இரு உணவகங்கள் நெடுங்காலமாக வழக்காடி வருகின்றன. ஒன்று 1954-இல் தொடங்கப்பெற்ற மேட்ஸ் பார். வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு இறைச்சி வட்டுகளுக்கிடையே பாலாடைக்கட்டியை வைத்துத் தரும்படி கேட்டதால் இது பிறந்தது என அவர்கள் உரைப்பர். மற்றொன்று, மதுவிலக்குக் காலமாகிய 1928-இல் மறைவான மதுக்கூடமாகத் தோன்றிய 5-8 கிளப். 'ஜூசி' என்னும் ஆங்கிலச் சொல்லை முன்னவர் ஓர் எழுத்தைக் குறைத்தும், பின்னவர் இலக்கணப்படியும் எழுதுவர். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை!

மேட்ஸ் பாரில் இதனைத் தட்டையான இரும்புக் கல்லில் சுடுவர். வீடுகளிலோ, கோடைக்காலத்தில் முற்றத்துக் கரியடுப்பின் கம்பிகள் மீது வாட்டுவோர் பலர். கல்லில் பாலாடைக்கட்டி கசிந்தாலும் அங்கேயே காய்ந்து நிற்கும். கம்பியடுப்பிலோ நெருப்பில் விழுந்து வீணாகும். ஆகவே, இங்கு மூடும் முறையே முதன்மையானது.

ஐந்தில் ஒரு பங்கு கொழுப்புள்ள மாட்டுக் கொத்துக்கறியை, ஒரு பர்கருக்கு ஏறத்தாழ 220 கிராம் எடுத்து, இரு மெல்லிய வட்டுகளாகத் தட்டுக. ஒன்றின் நடுவில் பாலாடைக்கட்டித் துண்டினை மடித்து வைத்து, சுற்றிலும் ஒரு விரற்கடை இடம் விடுக. மற்றதைக் கவிழ்த்து, ஓரங்களை இடைவெளியின்றி அழுத்தி இணைக்க வேண்டும். அரைமணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்தால் வட்டு இறுகும். உப்பும் மிளகும் வாட்டுவதற்குச் சற்று முன்னரே மேலே தூவப்படட்டும். மிதமான தணலில் ஒரு பக்கம் நன்கு சிவந்தபின் ஒருமுறை மட்டும் திருப்புக. கரண்டியால் அழுத்தலாகாது, அழுத்தினால் சாறும் பாலாடைக்கட்டியும் பீறிடும். கொழுப்பு சொட்டித் தீ எழுமாயின், வட்டினைத் தணல் குறைந்த பக்கத்திற்கு நகர்த்துக.

இனிக் கூறப்போவதே பெற்றோர் மனத்தில் இருத்த வேண்டியது. முழு இறைச்சித் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருக்கும். அனல் பட்டதும் மடியும். இறைச்சியை அரைக்கும்போதோ அவை உட்புறமெங்கும் கலந்துவிடுகின்றன. 1982-இல் ஆரிகன், மிச்சிகன் மாநிலங்களில் பர்கர் உண்டோர் கடும் நோயுற்றபோது, ஈ. கோலி கிருமியின் கொடிய வகையொன்று அடையாளம் காணப்பட்டது. 1993-இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், சரிவர வேகாத பர்கர்களால் எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் உயிரிழந்தனர். சிறு பிள்ளைகளின் சிறுநீரகங்களைத் தாக்கவல்லது அக்கிருமி.

பாலாடைக்கட்டி பொதிந்த பர்கரில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை. வட்டு தடித்தது, குளிர்ந்த பூரணம் நடுவில் இருந்து வெப்பத்தை ஈர்க்கும். வெளியே கருஞ்சிவப்பாய்த் தோன்றினாலும் உட்புற இறைச்சி வேகாதிருக்கலாம். நிறத்தை நம்புதல் தகாது. இறைச்சி வெப்பமானியைப் பக்கவாட்டிலிருந்து செருகி, பூரணத்தை ஒட்டிய இறைச்சி 71 பாகை செல்சியசை எட்டியதா எனப் பார்ப்பதே உறுதியான வழி. பச்சை இறைச்சி வைத்த தட்டில் வெந்ததை வைக்காதிருப்பதும், கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவதும் இன்றியமையாதவை.

அடுப்பிலிருந்து இறக்கிய உடனே கடிப்பதும் ஆபத்தே. உருகிய பாலாடைக்கட்டி நாவிலும் அண்ணத்திலும் ஒட்டிச் சுட்டுவிடும். ஐந்து நிமிடம் ஆறவிட்டு, பிள்ளைகளுக்குத் தருமுன் நடுவே வெட்டி ஆவியைப் போகவிடுக. வதக்கிய வெங்காயமும் ஊறுகாய் வெள்ளரியும் நல்ல துணையாகும்.

பசித்த பிள்ளைகள் அடுப்பைச் சூழ்ந்து நின்று அவசரப்படுத்துவது எந்நாட்டிலும் உள்ளதே. அவர்களது ஆவலுக்காக அந்தச் சில நிமிடங்களைக் குறைத்துவிடாத பெற்றோரே அவர்களுக்கு மெய்யான விருந்து படைக்கின்றனர்.