ஒலிபெருக்கி வரிசைத் திட்டமிடல்

ஒலிபெருக்கி வரிசைத் திட்டமிடல் என்பது, நேரடி இசை நிகழ்ச்சி நடைபெறும் இடத்தில் முன்வரிசையினருக்கும் கடைசி வரிசையினருக்கும் இயன்றவரை ஒரே அளவிலும் ஒரே தன்மையிலும் ஒலி சென்றடையுமாறு, ஒலிபெருக்கிப் பெட்டிகளின் எண்ணிக்கை, உயரம், கோணம், காலத்தாமதம் ஆகியவற்றை முன்கூட்டியே கணித்து அமைப்பதாகும். பின்னால் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டினால் அதன் சுமை முன்னால் இருப்பவர் காதில்தான் விழும். நிகழ்ச்சி அரங்குகளுக்கென உலக சுகாதார அமைப்பு 2022 இல் வெளியிட்ட நெறிமுறை, 15 நிமிடச் சராசரி ஒலியளவு 100 டெசிபெல்லைத் தாண்டலாகாது என்கிறது. இவ்வரம்புக்குள் நின்றுகொண்டே கடைசி வரிசையை எட்டுவதுதான் திட்டமிடலின் உண்மையான சிக்கல்.

தொலைவும் உயரமும்

திறந்தவெளியில் ஒரு சிறிய மூலத்திலிருந்து வரும் ஒலி, தொலைவு இரு மடங்காகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் குறைகிறது. முதல் வரிசை 8 மீட்டரிலும் கடைசி வரிசை 80 மீட்டரிலும் உள்ள ஒரு திடலில், காதின் மட்டத்தில் வைக்கப்படும் ஒலிபெருக்கி இவ்விரு வரிசைகளுக்கிடையே 20 டெசிபெல் வேறுபாட்டை ஏற்படுத்தும். அதையே காதின் மட்டத்திலிருந்து 8 மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டால், முதல் வரிசைக்கான நேர்கோட்டுத் தொலைவு 11.3 மீட்டராகக் கூடுகிறது. கடைசி வரிசைக்கோ 80.4 மீட்டர்தான். வேறுபாடு 17 டெசிபெல்லாகக் குறைகிறது. எந்தக் கருவியும் சேர்க்காமல், உயரத்தினால் மட்டும் கிடைக்கும் ஆதாயம் இது.

மீதியைப் பெட்டிகளின் கோணங்கள் ஈடுகட்ட வேண்டும். மேற்கூறிய திடலில் கடைசி வரிசை கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 6 பாகை கீழேயும், முதல் வரிசை 45 பாகை கீழேயும் அமைகின்றன. இந்த 39 பாகையைப் பெட்டிகளுக்குச் சமமாகப் பங்கிடுவதில்லை. மேற்பகுதிப் பெட்டிகள் 1 பாகை அல்லது அதற்கும் குறைவான இடைக்கோணத்தில் நெருங்கி நின்று தொலைவை நோக்குகின்றன. கீழ்ப்பகுதிப் பெட்டிகள் அகலமாக விரிந்து அருகில் உள்ளோருக்கு ஒலிக்கின்றன. தொங்கும் வரிசை இதனால்தான் வளைந்து காணப்படுகிறது.

வரிசையின் இயக்கம்

பல பெட்டிகள் ஒரே மூலம்போல இயங்க, அவற்றின் ஒலி மையங்களுக்கிடையே உள்ள தூரம் அலைநீளத்தில் பாதிக்கும் குறைவாக இருத்தல் வேண்டும். 100 ஹெர்ட்சில் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர் என்பதால் இது எளிது. 10,000 ஹெர்ட்சில் அது 3.4 சென்டிமீட்டரே; அவ்வளவு நெருக்கமாகப் பெட்டிகளை அடுக்க முடியாது. பிரான்சைச் சேர்ந்த எல்-அக்கூஸ்டிக்சு நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட வி-டோசுக் அமைப்பு, உயர் அதிர்வெண் ஒலியைத் தட்டையான அலைமுகமாக மாற்றும் அலைவழிகாட்டியைப் பயன்படுத்தி இதற்குத் தீர்வு கண்டது. இன்றைய பெரும்பாலான வரிசைகள் இக்கருத்தைப் பின்பற்றியவை.

வரிசையில் தொலைவு இரட்டிக்கும்போது 3 டெசிபெல் மட்டுமே குறையும் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மையே. வளைக்கப்படாத 4 மீட்டர் நீள வரிசைக்கு இந்நிலை 200 ஹெர்ட்சில் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. 5,000 ஹெர்ட்சில் 100 மீட்டரையும் கடந்து செல்கிறது. எனவே தாழ்ந்த ஒலிகளும் உயர்ந்த ஒலிகளும் ஒரே விகிதத்தில் தேய்வதில்லை.

தாமதக் கோபுரங்கள்

திடல் மிக நீண்டதாயின் இடையில் துணை ஒலிபெருக்கிகள் நிறுத்தப்படுகின்றன. மேடையின் ஒலி 60 மீட்டர் கடக்க 20 பாகை செல்சியசில் 175 மில்லிநொடி ஆகும். துணை ஒலிபெருக்கியை அவ்வளவு தாமதப்படுத்தாவிடில் சொற்கள் இரட்டித்துக் கேட்கும். இத்துடன் கூடுதலாக 10 முதல் 15 மில்லிநொடி சேர்ப்பது வழக்கம். முதலில் வந்தடையும் ஒலியின் திசையையே காது ஏற்கும் என்பதனால், பாடகரின் குரல் கோபுரத்திலிருந்து அன்றி மேடையிலிருந்தே வருவதாகத் தோன்றும். எல்முட் ஆசு 1949 இல் ஆராய்ந்த இப்பண்பு அவர் பெயராலேயே ஆசு விளைவு எனப்படுகிறது. வெயிலில் 35 பாகையில் அளந்து அமைத்த தாமதம், இரவில் 20 பாகைக்குக் காற்று குளிர்ந்ததும் 4 மில்லிநொடிக்கு மேல் பிழையாகிவிடும். ஆகையால் மாலையில் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

கணிப்பின் எல்லைகள்

சவுண்ட்விசன், அரேகால்க் போன்ற மென்பொருள்கள் இருக்கைப் பரப்பின் ஒலியளவை வண்ணப் படமாகக் காட்டுகின்றன. இவை முதன்மையாக நேரடி ஒலியையே கணிக்கின்றன. மூடிய அரங்கின் பின்சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும், திறந்தவெளியில் ஒலியை வளைக்கும் காற்றும் அப்படத்தில் முழுமையாகத் தெரிவதில்லை. எனவே பெட்டிகளைத் தொங்கவிட்டபின், அளவீட்டு ஒலிவாங்கியுடன் இருக்கைகளுக்கிடையே நடந்து அளந்து திருத்துவது இன்றியமையாததாகும்.